விலக நேரமில்லாத காற்று: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறிவியல் ஆசிரியப் பெருமக்களுக்கு,



அரசுப் பள்ளியோ தனியார் பள்ளியோ, எட்டாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ, அறிவியல் எடுக்கும் உங்கள் எல்லோரிடமும் ஒரு கோரிக்கை வைக்கவே இந்த மடல். பள்ளி மாணவர்களுக்கு இரவு வானம் காட்டும் நிகழ்ச்சிகளில் பல ஆண்டுகளாகப் பங்கெடுத்து வருகிறேன். டிசம்பர் நடுவில் ஜெமினிட் எரிகற்கள் பொழியும் இரவுகளில், கீற்று ஒன்று பாய்ந்து மறைந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "அது ஏன் சார் எரியுது?" என்பதுதான். நான் வாய் திறப்பதற்குள் கூட்டத்தில் இன்னொரு பிள்ளை பதில் சொல்லிவிடும்: "காத்துல உரசுதுல்ல, அந்த உராய்வுல தீப்பிடிச்சிடும்." கேட்ட பிள்ளை தலையாட்டும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

அந்தப் பதில் தவறானது. உராய்வுக்கு இதில் ஒரு சிறு பங்கு உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதன்மைக் காரணம் வேறு. அதிவேகத்தில் வரும் பொருளின் முன்னால் அகப்பட்ட காற்று, விலகிப்போக நேரமில்லாமல் நசுங்குகிறது. நசுங்கிய காற்று பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறுகிறது. அந்தச் சூடு பொருளைத் தாக்கி உருக்குகிறது.

உராய்வோ நசுக்கமோ, எப்படியோ எரிகிறது, இதில் என்ன பெரிய வேறுபாடு என்று சிலர் நினைக்கலாம். வேறுபாட்டைக் காண ஒரு சிறு தேர்வு வையுங்கள். விண்வெளியிலிருந்து ஆட்களைப் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவரும் கலம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். உராய்வுதான் எதிரி என்று நம்பும் மாணவர், காற்றைக் கிழித்து வழுக்கிக்கொண்டு வரும்படி கூர்மையான முனையோடு ஒரு கலத்தை வரைவார். அவர் கற்ற காரணத்தின்படி அந்தப் படம் சரி. ஆனால் அந்தக் கலத்தில் ஏறியவர்கள் உயிரோடு திரும்ப மாட்டார்கள். உலகில் மனிதர்களைத் திருப்பிக் கொண்டுவந்த எந்தக் கலமும் கூர்முனையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்ததில்லை. விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் ககாரின் 1961இல் திரும்பி வந்த வஸ்தோக் ஒரு உருண்டை. நிலவுக்குப் போன அப்பல்லோ, அகன்ற அடிப்பக்கத்தை முன்னே காட்டிக்கொண்டுதான் இறங்கியது. காரணத்தைத் தவறாகக் கற்றால் வடிவமும் தவறாகிவிடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

காற்று எப்படி விலகுகிறது என்பதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். ஒரு பொருள் நகரும்போது முன்னால் இருக்கும் மூலக்கூறுகளைத் தள்ளுகிறது. அவை அடுத்தவற்றைத் தள்ளுகின்றன. இந்தத் தள்ளல் முன்னோக்கிப் பரவும் வேகமே ஒலியின் வேகம். தரைமட்டத்தில் அது விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். தேரோடும் வீதியை எண்ணிப் பாருங்கள். மேளச் சத்தம் முந்திக்கொண்டு வருவதால் கூட்டம் இருபுறமும் ஒதுங்கி வழிவிடுகிறது. மேளச் சத்தத்தையும் முந்திக்கொண்டு தேர் வந்துவிட்டால் ஒதுங்க ஒருவருக்கும் அவகாசம் இராது. அத்தனை பேரும் தேருக்கு முன்னால் நெருக்கப்பட்டுவிடுவார்கள். ஒலியைவிட வேகமாக வரும் பொருளின் முன்னால் காற்றுக்கு நேர்வது இதுதான். பூமியைத் தாழ்வான பாதையில் சுற்றிவிட்டு இறங்கும் கலத்தின் வேகம் விநாடிக்கு 7.8 கிலோமீட்டரை ஒட்டியது. ஒலியைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு. கலம் வருகிறது என்ற செய்தி காற்றுக்கு முன்கூட்டிக் கிடைக்க வழியே இல்லை. அதனால் கலத்துக்குச் சற்று முன்னால் அதிர்ச்சி அலை என்ற மெல்லிய எல்லை உருவாகிறது. அந்த எல்லையைக் கடக்கும் நொடியிலேயே காற்றின் அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றும் எகிறிவிடுகின்றன.

அமுக்கினால் காற்று சூடேறும் என்பது உங்களுக்குப் புதிதல்ல. பதினொன்றாம் வகுப்பு வெப்ப இயக்கவியலில், வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று நீங்கள் நடத்துவதுதான் அது. டீசல் எஞ்சின் ஓடுவதும் அதனால்தான். பெட்ரோல் வண்டியில் இருக்கும் ஸ்பார்க் பிளக் டிராக்டரிலும் பேருந்திலும் இல்லை. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினைந்து, இருபது மடங்கு அமுக்குகிறது. காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அதில் தெளித்த டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. உங்கள் மாணவர்கள் தினமும் ஏறி வரும் பேருந்துக்குள்ளேயே இந்தப் பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைக் கையால் தொட்டு உணர வைக்க ஒரு சைக்கிள் பம்ப் போதும். காற்று வெளியேறும் துளையை ஒரு மாணவர் விரலால் இறுக அடைத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் வேகவேகமாக இருபது, முப்பது முறை அடிக்கட்டும். பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நன்றாகச் சுடும். உடனே கூர்மையான பிள்ளை ஒன்று, "உள்ள வாஷர் உரசுதுல்ல சார், அதனால சூடாகியிருக்கும்" என்று சொல்லும். அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள். அது கேட்டது சரியான கேள்வி. அதற்கு விடையும் அதே பம்பில் இருக்கிறது. பம்பை ஆறவிட்டு, துளையைத் திறந்துவைத்து, அதே வேகத்தில் அதே எண்ணிக்கையில் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். வாஷர் அதே குழாயில் அதே தூரம் உரசியிருக்கிறது. சூடோ மிகக் குறைவு. உராய்வை மாற்றாமல் நசுக்கத்தை மட்டும் நீக்கினோம், சூடு போய்விட்டது. கட்டுப்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்பதற்கும் இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அடுத்தது கணக்கு. ஓடும் காற்றைப் பொருளின் முன்னால் முழுவதும் தடுத்து நிறுத்தினால் அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகும். ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 1,000 ஜூல் வேண்டும். ஆகவே வேகத்தை மீட்டர்/விநாடியில் எடுத்து, இருமடியாக்கி, 2,000 ஆல் வகுத்தால் எத்தனை டிகிரி கூடும் என்று வந்துவிடும். மணிக்கு 108 கிலோமீட்டரில் போகும் பேருந்துக்கு வேகம் 30. விடை அரை டிகிரிகூட இல்லை. பயணிகள் விமானத்துக்கு 250. விடை 31 டிகிரி. விமானி அறையில் வெளிக்காற்றின் வெப்பநிலையை இரண்டு விதமாகக் காட்டுகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான்: வெளியே மைனஸ் 55 டிகிரி இருக்கும்போது விமானத்தின் உணரியில் மோதி நிற்கும் காற்று மைனஸ் 25ஐ ஒட்டி இருக்கும். ஒலியை மிஞ்சிப் பறந்த கன்கார்டு விமானத்துக்கு 600, விடை 180. அவ்வளவு குளிரான உயரத்தில் பறந்தும் அதன் முனை 127 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. கரும்பலகைக் கணக்கும் நிஜ விமானமும் இவ்வளவு நெருங்கி வருவதைக் காணும் பிள்ளைக்கு இயற்பியல் மேல் நம்பிக்கை பிறக்கும்.

இப்போது 7,800ஐப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடை 30,000 டிகிரி! இங்கே ஒரு எச்சரிக்கை தேவை: இந்த எளிய கணக்கு அவ்வளவு தூரம் செல்லாது. சுமார் 2,500 கெல்வினிலேயே ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடையத் தொடங்குகின்றன. 4,000ஐத் தாண்டினால் நைட்ரஜனும் உடைகிறது. உடைப்பதற்கே பெரும்பங்கு ஆற்றல் செலவாகிவிடுவதால் உண்மையான வெப்பநிலை அந்த எண்ணைவிட வெகுவாகக் குறைந்து சில ஆயிரங்களில் நிற்கிறது. நிலவிலிருந்து விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பிய அப்பல்லோவின் முன்னால் அது சுமார் 11,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வின்தான். அந்தச் சூட்டில் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து காற்று பிளாஸ்மாவாகிறது. அந்தப் பிளாஸ்மா போர்த்திக்கொள்வதால்தான் இறங்கும் கலத்தோடு சில நிமிடங்கள் வானொலித் தொடர்பு அறுந்துபோகிறது.

எல்லாவற்றுக்கும் மூலம் வேகத்தின் இருமடி என்பது இதற்குள் விளங்கியிருக்கும். இங்கே மாணவர்கள் வழக்கமாகக் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மிக உயரத்திலிருந்து விழுவதால்தான் எரிகிறது என்று பலர் நினைக்கிறார்கள். வான்குதிப்பு வீரர் பீலிக்ஸ் பாம்கார்ட்னர் 2012 அக்டோபர் 14 அன்று பலூனில் ஏறி, சுமார் 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்தார். மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகம் தொட்டு ஒலியையும் மிஞ்சினார். உடை கருகக்கூட இல்லை. நம் கணக்கில் போட்டால் அவர் முன்னால் இருந்த காற்று 70 டிகிரி கூடியிருக்கும். அந்த உயரத்துக் கடுங்குளிரில் அது ஒரு பொருட்டே இல்லை. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு பொருளுக்கு உயரத்தால் வரும் ஆற்றல் கிலோவுக்கு 4 மெகாஜூலுக்கும் குறைவு. வேகத்தால் வருவதோ 29 மெகாஜூலை ஒட்டியது. ஆபத்து உயரத்தில் இல்லை, பக்கவாட்டு வேகத்தில் இருக்கிறது.

"ஏறும்போது எரியாத ராக்கெட், இறங்கும்போது மட்டும் ஏன் எரிகிறது?" என்றும் கேட்பார்கள். தயவுசெய்து இந்தக் கேள்விக்கு நீங்களே விடை சொல்லிவிடாதீர்கள். கணக்கைக் கையில் கொடுத்து அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள். ராக்கெட் அடர்ந்த காற்றைக் கடக்கும் முதல் ஓரிரு நிமிடங்களில் அதன் வேகம் குறைவு. முழு வேகத்தைப் பெறுவதற்குள் காற்று அநேகமாகத் தீர்ந்துவிட்ட உயரத்துக்குப் போய்விடுகிறது. இறங்கும்போது நிலைமை தலைகீழ். முழு வேகத்தோடு வந்து காற்றில் நுழைகிறது. சரி, ராக்கெட்டையே எதிர்ப்பக்கம் எரித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டால் என்ன? ஏறுவதற்குச் செலவழித்த அளவுக்கு எரிபொருளை மேலே சுமந்துகொண்டு போக வேண்டும்; அதைச் சுமக்க இன்னும் பெரிய ராக்கெட் வேண்டும். காற்று என்ற இலவசப் பிரேக்கைத்தான் எல்லா நாடுகளும் நம்பியிருக்கின்றன.

அந்தப் பிரேக்கில் எவ்வளவு ஆற்றல் கரைய வேண்டும்? கிலோவுக்கு 30 மெகாஜூல். ஒரு கிலோ இரும்பை முழுக்க ஆவியாக்க இதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம். இந்த ஆற்றல் அத்தனையும் கலத்துக்குள் புகுந்தால் இரும்பாலேயே செய்திருந்தாலும் ஒரு துண்டு தரைக்கு வராது. ஆனால் விண்வெளி வீரர்கள் நலமாக வந்து சேர்கிறார்கள். அப்படியானால் அந்த ஆற்றல் எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஜூலியன் ஆலன். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1950களின் தொடக்கத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளின் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கூர்முனைதான் சிறந்தது என்பதே அன்றைய பொது எண்ணம். ஆல்பிரட் எக்கர்ஸுடன் சேர்ந்து ஆலன் போட்ட கணக்கு அதை அப்படியே புரட்டிப்போட்டது. மழுங்கிய முகப்பு கொண்ட பொருள் காற்றைப் பலமாக எதிர்த்து நிற்கிறது. அதன் முன்னால் வலுவான அதிர்ச்சி அலை எழுந்து, உடலைத் தொடாமல் சற்றுத் தள்ளி நிற்கிறது. சூட்டின் பெரும்பகுதி அந்தக் காற்றிலேயே தங்கி, பக்கவாட்டில் வழிந்து, கலத்தின் பின்னால் விடப்படுகிறது. கலத்துக்குள் புகுவது மிகச் சிறிய பங்கு. அகன்ற முகப்பு, காற்று மெலிந்திருக்கும் உயரத்திலேயே வேகத்தைக் குறைக்கவும் தொடங்கிவிடுகிறது. ராணுவ முக்கியத்துவம் கருதி இந்த முடிவு சில ஆண்டுகள் ரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது.

உராய்வின் உண்மையான இடமும் இங்கேதான் வருகிறது. கலத்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலத்தில் உராய்வு உண்டு. கலத்தின் ஆற்றலில் எத்தனை பங்கு கலத்துக்குள்ளேயே வெப்பமாகப் புகும் என்பதை, மொத்த இழுவையில் உராய்வின் பங்கு எவ்வளவோ அதுவே தீர்மானிக்கிறது என்று ஆலனும் எக்கர்ஸும் காட்டினார்கள். மெலிந்த கூர்முனைக் கலத்தில் அந்தப் பங்கு பெரிது, கலம் வேகும். மழுங்கிய கலத்தில் முன்பக்க அழுத்தமே பெரும்பாலான வேலையைச் செய்வதால் உராய்வின் பங்கு சிறுத்துவிடுகிறது, கலம் பிழைக்கிறது. உராய்வை மறக்கச் சொல்லவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன்.

மிச்சமிருக்கும் சிறு பங்கு வெப்பமும் லேசானதல்ல. அதற்குத்தான் வெப்பக் கவசம். ஒருவகைக் கவசம் தானே கருகி, ஆவியாகி, வெப்பத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். இன்னொரு வகை, வெப்பம் உள்ளே பரவ விடாத சிலிகா ஓடுகள். இந்தியா 2007 ஜனவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி மூலம் ஏவிய எஸ்ஆர்இ-1 என்ற சுமார் 550 கிலோ கலத்தில் இரண்டும் இருந்தன. முனையில் கருகும் வகை, மற்ற இடங்களில் சிலிகா ஓடுகள். 12 நாள் சுற்றிவிட்டு ஜனவரி 22 அன்று அது வங்கக் கடலில் பத்திரமாக இறங்கியது. சுற்றுப்பாதையிலிருந்து ஒரு கலத்தைத் திருப்பிக் கொண்டுவரும் கலையை இந்தியா கற்ற நாள் அது. 2014 டிசம்பர் 18 அன்று எல்விஎம்-3 ராக்கெட், வீரர்கள் அமரும் கலத்தின் மாதிரியை 126 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விட்டது. அதுவும் அகன்ற அடிப்பக்கம் முன்னே காட்டி வங்கக் கடலில் வந்து இறங்கியது. இந்திய வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் பற்றி வகுப்பில் பேசும்போது ராக்கெட்டின் உயரத்தையும் வீரர்களின் பெயரையும் சொல்வதோடு, அந்தக் கலம் ஏன் அவ்வளவு மொண்ணையாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் படம் மாட்டாத பள்ளி குறைவு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ஓடம் டெக்சாஸ் வானில் சிதறியபோது அவரோடு சேர்த்து ஏழு பேர் உயிரிழந்தார்கள். உராய்வில் தீப்பிடித்துவிட்டது என்றே நம்மில் பலர் இன்றும் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. ஜனவரி 16 அன்று ஏவியபோது, எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஓட்டை போட்டுவிட்டது. திரும்பும்போது அந்த ஓட்டை வழியே, முன்னால் நசுங்கிக் கொதித்துக்கொண்டிருந்த காற்று இறக்கைக்குள் புகுந்தது. உள்ளே இருந்த சட்டங்கள் அலுமினியம். 660 டிகிரியில் உருகிவிடும். எந்தப் பொருளும் எதன்மேலும் உரசாத இறக்கையின் உட்பக்கம் உருகியது. சூடு காற்றில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டாம். அந்த எழுவருக்கும் நாம் செய்யக்கூடிய மரியாதை, அவர்கள் ஏன் இறந்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுப்பது.

எரிவது என்கிறோமே, அதற்கு ஆக்சிஜன் வேண்டாமா என்று கேட்கும் மாணவரும் உண்டு. 1995 டிசம்பர் 7 அன்று கலிலியோ ஆய்வுக்கலம் வியாழன் கோளுக்குள் விநாடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்தது. வியாழனின் காற்று ஹைட்ரஜனும் ஹீலியமும். எரிவதற்கான ஆக்சிஜன் அங்கே இல்லை. அப்படியிருந்தும் அதன் 152 கிலோ வெப்பக் கவசத்தில் பாதிக்கு மேல் ஆவியாகிப் போனது. விறகு எரிவதுபோன்ற எரிதல் இது இல்லை; உருகி, ஆவியாகி, ஒளிர்வது என்பதை விளக்க இந்த ஒரு நிகழ்வு போதும்.

இனி அந்த ஜெமினிட் கீற்று. மணல் பருக்கை அளவுள்ள துகள் விநாடிக்கு 35 கிலோமீட்டரில் வருகிறது. 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிது. ஒரு மூலக்கூறு இன்னொன்றைச் சந்திக்கவே பல சென்டிமீட்டர் தூரம் போக வேண்டும். அங்கே அதிர்ச்சி அலை உருவாக இடமில்லை. மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக நேரடியாகத் துகளில் வந்து மோதுகின்றன. துகளின் அணுக்கள் பெயர்ந்து, காற்று அணுக்களோடு மோதி ஒளிர்கின்றன. அப்போதும் மூலம் வேகத்தின் ஆற்றல்தான். அந்த வேகத்தில் ஒரு கிராமுக்கு 6 லட்சம் ஜூல் இருக்கிறது. ஒரு கிராம் இரும்பை ஆவியாக்கப் பத்தாயிரம் ஜூல்கூட வேண்டாம். சிறு துகள் கண்சிமிட்டும் நேரத்தில் இல்லாமல் போவதில் வியப்பில்லை. தரைக்கு வந்து சேரும் பெரிய விண்கற்களோ வேறு கதை சொல்கின்றன. சூடான பயணம் சில விநாடிகளே. உருகிய மேல்தோல் வழிந்து போய்க்கொண்டே இருப்பதால் சூடு உள்ளே இறங்க நேரமில்லை. கடைசிப் பல கிலோமீட்டர்களில் வேகம் இழந்து, ஒளி இழந்து, சாதாரணக் கற்களாகத்தான் அவை விழுகின்றன. ஒரு மில்லிமீட்டர் கறுத்த தோலுக்குக் கீழே, விண்வெளியில் இருந்தபடியே கல் இருக்கும்.

எல்லாம் எரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் திருத்தப்பட வேண்டியது. 1979 ஜூலையில் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று நம் ஊர்களிலும் பீதி கிளம்பியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் விழுந்தன. 1997 ஜனவரியில் ஒரு டெல்டா ராக்கெட்டின் 250 கிலோ எஃகுத் தொட்டி டெக்சாஸில் அப்படியே வந்து விழுந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகுகிறது. டைட்டானியத்துக்கு 1,668 டிகிரி வேண்டும். எது எரியும், எது மிஞ்சும் என்பதை உருகுநிலை அட்டவணையை வைத்து வகுப்பிலேயே பேசலாம். வானில் செயற்கைக்கோள்கள் பெருகிவரும் காலத்தில் இது வெறும் தேர்வுக் கேள்வியாக நிற்காது.

கடைசியாக, உங்களைப் போன்ற ஓர் ஆசிரியை பற்றி. 2013 பிப்ரவரி 15 காலை, ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலப் பாறை ஒன்று விநாடிக்கு 19 கிலோமீட்டரில் நுழைந்தது. முன்பக்கத்தில் நசுங்கிய காற்றின் அழுத்தம், 30 கிலோமீட்டர் உயரத்திலேயே தரைமட்டக் காற்றழுத்தத்தைப்போல் அறுபது மடங்கை எட்டியது. பின்பக்கத்திலோ அநேகமாக ஒன்றுமில்லை. பாறை அந்த வேறுபாட்டைத் தாங்காமல் நொறுங்கியது. சுமார் 5 லட்சம் டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமமான ஆற்றல் வெளிப்பட்டது. கண்ணைக் கூசவைத்த ஒளியைப் பார்த்து மக்கள் ஜன்னல்களுக்கு ஓடினார்கள். இரண்டு நிமிடங்களுக்கு மேல் கழிந்து அதிர்ச்சி அலை வந்து கண்ணாடிகளை உடைத்தது. சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். ஒரு நான்காம் வகுப்பு ஆசிரியை மட்டும், அந்த ஒளி என்னவென்று தெரியாத நிலையிலேயே, தன் 44 பிள்ளைகளையும் மேசைக்கு அடியில் பதுங்கச் சொன்னார். அலை வந்து கண்ணாடி அவர் கையைக் கிழித்தது. பிள்ளைகளில் ஒருவருக்கும் வெட்டுக் காயமில்லை. ஒளி உடனே வரும், அழுத்தம் ஒலியின் வேகத்தில் பின்னால் வரும் என்பது புத்தகத்தில் ஒரு வரி. அந்த வகுப்பறையில் அந்த இடைவெளி 44 பிள்ளைகளைக் காத்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது நான்கு. காற்று நசுங்குவதையே முதன்மைக் காரணமாகச் சொல்லுங்கள். உராய்வை அதன் இடத்தில் வையுங்கள். சைக்கிள் பம்பைத் துளையை மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். இருமடியாக்கி 2,000 ஆல் வகுக்கும் கணக்கை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் போடட்டும். எந்த இடத்தில் அது செல்லாது என்பதையும் சொல்லுங்கள். வானில் பேரொளி தெரிந்தால் ஜன்னலுக்கு ஓடாமல் விலகி நிற்க வேண்டும் என்பதைப் பாடத்தின் பகுதியாகவே ஆக்குங்கள். இதற்கு ஆய்வகமோ நிதியோ தேவையில்லை. இரண்டு பாடவேளை போதும்.

குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் எழுகிறது. நம் பிள்ளைகளில் சிலர் நாளை வெப்பக் கவசம் வடிவமைக்கும் மேசையில் உட்காரப் போகிறார்கள். அங்கே அவர்கள் போடும் முதல் கோடு, உங்கள் வகுப்பில் அவர்கள் கற்ற காரணத்தைப் பொறுத்தே அமையும். அந்தக் காரணத்தைச் சரியாகக் கொடுத்து அனுப்புங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

மிக்க அன்புடனும் மதிப்புடனும்,
உங்கள் மாணவர்களோடு வானம் பார்க்கும் ஒருவர்